எடைத்தாளில் ஒரு மனிதன்

சிறு விமானத்தில் தனியாக நெடுந்தூரம் பறக்கக் கிளம்புகிறவர் முந்தைய இரவு நிரப்பும் தாள்களில் எனக்கு நெருடலாகவே இருந்துவருவது எடைத்தாள். மேலிருந்து கீழாக வரிசைகள்: வெற்று விமானத்தின் எடை, எஞ்சின் ஆயில், பெட்ரோல், பின்னால் அடைக்கும் சாமான்கள், முன்னிருக்கையில் உட்காருபவர். ஒவ்வொன்றுக்கும் எதிரே அதன் எடை. பிறகு, விமானத்தில் குறித்துவைத்த ஒரு கோட்டிலிருந்து அது எத்தனை அங்குலம் தள்ளி இருக்கிறது என்ற தூரம். பிறகு இரண்டையும் பெருக்கிய எண். பெருக்கியவற்றைக் கூட்டி மொத்த எடையால் வகுத்தால் விமானத்தின் பாரம் எங்கே மையம் கொள்கிறது என்று தெரிந்துவிடும். அந்த மையம் சில அங்குல இடைவெளிக்குள் நின்றாக வேண்டும். அளவுக்கு மீறிப் பின்னால் நகர்ந்துவிட்டால் விமானம் கட்டுக்கு அடங்காது. பழைய செஸ்னா கையேடுகளில் மாதிரிக்காகப் போட்டுக்காட்டும் கணக்கில் முன்வரிசையில் இருவருக்கும் சேர்த்து 340 பவுண்டு, ஆளுக்கு 170. அந்தத் தாளில் மனிதன் என்பது இவ்வளவுதான். நேற்றிரவு அவன் தூங்கினானா, யாரிடம் என்ன சொல்லிவிட்டு வந்தான், கிளம்பியே தீரவேண்டும் என்று அவனை எது உந்துகிறது என்பதற்கெல்லாம் கட்டம் கிடையாது. மற்ற எல்லா வரிசைகளும் அந்த ஒரு வரிசையை நம்பித்தான் இருக்கின்றன என்பதையும் தாள் சொல்வதில்லை. நான் விமானி அல்ல. பழைய விமானப் பயண நூல்களைப் படிப்பவன், கடல் வரைபடங்களை விரித்துப்போட்டுப் பார்த்துக்கொண்டிருப்பவன், அவ்வளவே. ஓட்டத் தெரியாதவனுக்கு எதற்கு இந்தக் கவலை என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. ஆனால் அந்த வரி, வேறு ஏதோ வேலையாக இருக்கும்போதும் வந்து முன்னால் நிற்கிறது.

தாள்களைக் குறைத்து மதிப்பிட்டு இதைச் சொல்லவில்லை. அவற்றில் இருக்கும் அடக்கம் எனக்குப் பிடித்தமானது. திட்டமிடுவது என்றால் வரைபடத்தில் கோடு போடுவது என்று நினைத்துக்கொள்கிறோம். கோட்டை யாரும் போடலாம். அந்தக் கோடு எவ்வளவு தூரம் பொய் சொல்லும் என்று கண்டுபிடிப்பதில்தான் இரவு கழிகிறது. ஒரு பாகை திசை தப்பினால் 60 மைலில் ஒரு மைல் விலகிவிடுவோம் என்பது விமானிகளுக்கு மனப்பாடமான கணக்கு. 480 மைல் போனால் 8 மைல். திசைகாட்டியின் முள் பூமியின் உண்மை வடக்கைக் காட்டாது. எவ்வளவு தள்ளிக் காட்டும் என்பது ஊருக்கு ஊர் மாறும். விமானத்தின் இரும்புக்கும் மின்கம்பிகளுக்கும் இணங்கி அது இன்னும் கொஞ்சம் கோணும். இதற்கெல்லாம் மேல் காற்று. பக்கவாட்டுக் காற்று விமானத்தைத் தள்ளிக்கொண்டே இருக்கும். உள்ளே இருப்பவருக்கு நேராகப் போவதாகத்தான் தோன்றும். காற்றைப் பற்றி எனக்கு வியப்பு அடங்காத ஒரு கணக்கு உண்டு. பத்து மணி நேரத்துக்குப் பெட்ரோல் இருக்கிறது, விமானத்தின் வேகம் மணிக்கு 100 மைல் என்று வைத்துக்கொள்வோம். காற்றே இல்லாவிட்டால் ஐந்து மணி நேரம் போய், 500 மைலில் திரும்பினால் கிளம்பிய இடத்துக்கு வந்துவிடலாம். எதிர்க்காற்று 20 மைல் வேகத்தில் அடித்தால் ஆறு மணி நேரம் போகலாம். ஆனால் 480 மைலில் திரும்பிவிட வேண்டும். சரி, காற்று நமக்குச் சாதகமாகப் பின்னாலிருந்து தள்ளினால்? நாலே மணி நேரம்தான், அதே 480 மைல். எதிர்த்தாலும் உதவினாலும் காற்று, திரும்பிவரக்கூடிய தூரத்தைக் குறைத்துத்தான் தருகிறது. சாதகமான காற்றில் ஏறிச் சந்தோஷமாகப் போகிறவர், திரும்ப வேண்டிய நேரம் முன்னதாகவே வந்துவிட்டதைக் கவனிக்காமல் இருக்கும் வாய்ப்பு அதிகம் என்று நான் நினைக்கிறேன். எத்தனை மணிக்கு மேல் திரும்ப முடியாது என்பதைப் பென்சிலால் எழுதி வட்டமிட்டுவைப்பார்கள். மற்ற எண்களெல்லாம் காற்றையும் இயந்திரத்தையும் பற்றியவை. இது ஒன்றுதான் விமானியிடம் நேராகக் கேள்வி கேட்கிற எண்.

1927இல் லிண்ட்பெர்க் அட்லாண்டிக்கைத் தாண்டியதற்கான ஏற்பாடுகளைப் படிக்கும்போது, ஒரு மனிதர் எடையோடு இவ்வளவு கறாராக நடந்துகொள்ள முடியுமா என்று தோன்றும். சான்டியேகோ நூலகத்தில் இருந்த பூகோள உருண்டையின் மேல், அவரும் விமானத்தை வடிவமைத்த டொனால்ட் ஹாலும் ஒரு நூலை நியூயார்க்கிலிருந்து பாரீசுக்கு இழுத்துப் பிடித்து 3,600 மைல் என்று அளந்தார்கள். அந்த 3,600க்குத் தேவையான பெட்ரோல் சுமார் 450 கேலன். ஓடுபாதையை விட்டு எழும்போது விமானத்தின் மொத்த எடையில் பாதிக்கு மேல் பெட்ரோல்தான். பெட்ரோலுக்கு இடம் கொடுக்க மற்றதெல்லாம் விலகியது. ரேடியோ வேண்டாம், பாராசூட் வேண்டாம், கனமான நாற்காலி வேண்டாம், பிரம்பு நாற்காலி போதும். வரைபடங்களில் வழிக்கு வேண்டாத ஓரங்களைக்கூட வெட்டி எறிந்தார். பெரிய டாங்கை முன்னால் வைத்ததால் நேராகப் பார்க்க ஜன்னலே இல்லை. எடுத்துக்கொண்ட சாப்பாடு ஐந்து சாண்ட்விச். நூறு மைலுக்கு ஒரு தரம் திசையை எவ்வளவு திருத்த வேண்டும் என்பது முன்கூட்டியே எழுதப்பட்டிருந்தது. இவ்வளவு செய்தவர், கிளம்புவதற்கு முந்தைய இரவு தூங்கவில்லை. வானிலை திடீரென்று தெளியும் என்று செய்தி வந்தது; படுக்கப் போனபோது நள்ளிரவு ஆகிவிட்டது; யாரும் தொந்தரவு செய்யாமல் பார்த்துக்கொள்ளக் கதவுக்கு வெளியே நின்றவரே உள்ளே வந்து ஏதோ கேட்டுத் தூக்கத்தைக் கலைத்தார். மே 20 காலையில் சக்கரம் தரையை விட்டு எழுந்தபோதே அவர் ஒரு முழு நாள் விழித்திருந்தவர். அதற்கு மேல் முப்பத்து மூன்றரை மணி நேரம் பறக்க வேண்டும்.

பெட்ரோல் கணக்கு பிசகவில்லை. பாரீசில் இறங்கியபோது 85 கேலன் மிச்சம். மணிக்கு மணி எவ்வளவு செலவானது என்று அவர் பென்சிலால் போட்ட கோடுகள் விமானத்தின் கருவிப் பலகையில் இன்றும் இருக்கின்றன. அயர்லாந்தின் கரையை, குறித்த இடத்துக்குச் சில மைல் தள்ளித் தொட்டார். கணக்கில் வெறும் 170 பவுண்டாக இருந்ததுதான் தடுமாறியது. கண் திறந்திருக்கும்போதே தூங்கினார். விமானம் கொஞ்சம் நிலையில்லாத சுபாவம் கொண்டது. கையைத் தளர்த்தினால் ஒரு பக்கம் சாயும். அந்தக் குறைதான் அவரைத் திரும்பத் திரும்ப எழுப்பியது. முதுகுக்குப் பின்னால் மனித உருவங்கள் வந்து நின்று பேசின, பாதையைப் பற்றி யோசனை கூறின, அவற்றுக்கு எடையே இல்லை என்று அவர் எழுதியிருக்கிறார். எழுதியது எப்போது? 1953இல் வந்த நூலில். பறந்த கையோடு அதே வருடம் வெளியிட்ட நூலில் இந்த உருவங்கள் இல்லை. பிரம்பு நாற்காலியையும் வரைபட ஓரங்களையும் உலகத்துக்கு உடனே சொல்ல முடிந்தவருக்கு, கூட வந்த எடையற்ற பயணிகளைச் சொல்ல இருபத்தாறு வருடம் தேவைப்பட்டிருக்கிறது. இதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. அவர்களைச் சொல்லிவிட்டால் அதுவரை போட்ட கணக்கெல்லாம் வேறு மாதிரி தெரியும் என்று அவருக்குத் தோன்றியிருக்கலாம்.

ஆக, இரண்டு பேர் இருக்கிறார்கள். தரையில் உட்கார்ந்து திட்டம் போடுகிறவன், ஆகாயத்தில் அதை நிறைவேற்றுகிறவன். பெயர் ஒன்று, கையெழுத்து ஒன்று. முதலாமவன் சாப்பிட்டிருக்கிறான், விளக்கு இருக்கிறது, அழித்து எழுத ரப்பர் இருக்கிறது. இரண்டாமவனுக்குக் கால் மரத்துப்போயிருக்கிறது, டாங்கிலிருந்து பெட்ரோல் நெடி வருகிறது, சிறுநீர் கழிக்க வேண்டிவருமே என்று தண்ணீர் குடிக்காமல் இருந்து தலை கனத்துவிட்டது. விமானத் துறையின் அனுபவ ஞானமெல்லாம் முதலாமவனை நம்பு என்கிறது. மேலே போய் முடிவெடுக்காதே, கீழேயே எடுத்துவிடு, இந்த மணிக்குள் கரை தெரியாவிட்டால் திரும்பு என்று எழுதிவை, எழுதியதற்குக் கீழ்ப்படி. பல உயிர்களைக் காப்பாற்றிய புத்திமதி இது, மறுக்க முடியாது. ஆனாலும் என் சந்தேகம் தீரவில்லை. தரையில் இருப்பவன் அவ்வளவு நிதானமானவனா? லிண்ட்பெர்க்கின் முன்னால் 25,000 டாலர் பரிசும், அவரைப் போலவே கிளம்பத் தயாராகப் பக்கத்தில் நின்ற போட்டியாளர்களும் இருந்தார்கள். 1964இல் உலகத்தைத் தனியாகச் சுற்றிய முதல் பெண்ணான ஜெர்ரி மோக், மூன்று குழந்தைகளின் தாய், ஒகாயோவின் கொலம்பஸ் நகரத்துக்காரர். ஒற்றை எஞ்சின் செஸ்னா 180இல் இருக்கைகளைக் கழற்றிப் பெட்ரோல் டாங்க் வைத்துக்கொண்டு மார்ச் 19 அன்று கிளம்பினார். இன்னொரு பெண் அதே நோக்கத்தோடு இரண்டு நாள் முன்னால் கிளம்பிவிட்டிருந்தார். அந்தச் செய்திக்குப் பிறகு கீழே உட்கார்ந்து போட்ட கணக்கு எதுவும் முழுக்கக் காற்றையும் பெட்ரோலையும் பற்றியதாக மட்டும் இருந்திருக்க முடியாது. லிபியப் பாலைவனத்துக்கு மேல் ஏரியல் கம்பியை இழுக்கும் மோட்டார் நிற்காமல் ஓடி, கம்பி பெட்ரோல் டாங்குக்குப் பக்கத்தில் பழுக்கக் காய்ந்தது. அவர் பதறாமல் மோட்டாரை நிறுத்தினார். எகிப்தில் கெய்ரோ என்று நினைத்து ராணுவத் தளத்தில் இறங்கினார். 29 நாளில் ஊர் திரும்பினார். ஆகாயத்தில் இருந்த மோக், தரையிலிருந்த அவசரத்தைவிட நிதானமானவர் என்றுதான் எனக்குப் படுகிறது.

தரையில் போடும் திட்டத்துக்கு நம் பக்கத்திலும் ஓர் உதாரணம் உண்டு. அதைப் பொதுவாக நட்பின் கதையாகச் சொல்வார்கள். இங்கிலாந்துக்கும் இந்தியாவுக்கும் இடையே முதலில் தனியாகப் பறக்கும் இந்தியருக்கு 500 பவுண்டு என்று ஆகா கான் பரிசு அறிவித்திருந்தார். 1930இல் கராச்சியிலிருந்து லண்டனை நோக்கி ஜே.ஆர்.டி. டாட்டாவும், எதிர்த்திசையில் ஆஸ்பி எஞ்சினியரும் பறந்தார்கள். எகிப்தின் அபூகிர் தளத்தில் ஆஸ்பி, ஸ்பார்க் பிளக் இல்லாமல் மாட்டிக்கொண்டு நின்றார். ஜே.ஆர்.டி. தன்னிடம் மாற்றுக்கு இருந்ததைக் கொடுத்தார். பரிசு ஆஸ்பிக்குப் போனது. பின்னாளில் அவர் இந்திய விமானப் படையின் தலைவரானார். ஜே.ஆர்.டி.யின் பெருந்தன்மையைப் பற்றி எல்லாரும் எழுதிவிட்டார்கள். எனக்கு அந்த மாற்றுப் பிளக்குகள்மேல்தான் கண். ஒருவருடைய திட்டத்தில் அவை இருந்தன, இன்னொருவருடையதில் இல்லை, அல்லது தீர்ந்துபோயிருந்தன. தனக்கு வரக்கூடிய கோளாறுக்காக ஒருவர் சுமந்த எடை, போட்டியாளரின் எஞ்சினில் போய் உட்கார்ந்து அவரைக் கரைசேர்த்தது. இந்தப் பயணத்தை ‘தனியாக’ என்ற வரிசையில் எழுதிவைத்திருக்கிறோம். பரிசின் விதிப்படி அது சரிதான்.

ஒற்றை எஞ்சினில் கடலைத் தாண்டுகிறவர்கள் ஒத்துக்கொள்கிற ஒரு விஷயம் உண்டு. எஞ்சின் நின்றுபோனால் சறுக்கிக்கொண்டே கரைக்குத் திரும்பிவிடலாம் என்கிற தூரம் வரை அது சீராகத்தான் ஓடும். அந்தத் தூரத்தைத் தாண்டிய நிமிடத்திலிருந்து அதில் ஏதோ ஒரு கரகரப்பு கேட்க ஆரம்பிக்கும். கடல் தாண்டி எதிர்க்கரை தெரிந்ததும் போய்விடும். எஞ்சினில் ஒன்றும் இல்லை, காது மாறிவிட்டது. இதைச் சிரிப்பாகத்தான் சொல்லிக்கொள்கிறார்கள். சிக்கல் என்னவென்றால், நிஜமான கரகரப்பும் உண்டு. ஈரக்காற்றில், நம் ஊர் மார்கழிக் காலையைப் போன்ற இதமான வெப்பநிலையில்கூட, கார்புரேட்டருக்குள் பனிக்கட்டி பிடிக்கும், எஞ்சின் தடுமாறும். அதற்குச் சூடான காற்றைத் திருப்பிவிடும் ஒரு பிடி இருக்கிறது. இழுத்தால், பனி இருந்தால், எஞ்சின் முதலில் இன்னும் மோசமாக இருமிவிட்டுப் பிறகு சீராகும்; இல்லாவிட்டால் சுழற்சி கொஞ்சம் குறைந்து அப்படியே இருக்கும். பயத்தைச் சோதித்துப் பார்க்க ஒரு கைப்பிடி. வேறு எந்தத் தொழிலிலாவது இப்படி ஒன்று உண்டா என்று யோசித்திருக்கிறேன். இத்தனை மணிக்கு ஒரு தரம் அந்தப் பிடியை இழுத்துப் பார் என்று தரையில் இருப்பவன் தாளில் எழுதிவைக்கிறான். மேலே இருப்பவனின் காதை அவன் நம்பவில்லை, அதே சமயம் அதை அலட்சியமும் செய்யவில்லை. திட்டத் தாளில் மனிதன் எங்காவது தலைகாட்டுகிறான் என்றால் இப்படிப்பட்ட சில வரிகளில்தான்.

பிரான்சிஸ் சிசெஸ்டரின் கணக்குக்கு நான் வந்து சேர்ந்தது இந்த வழியாகத்தான். பின்னால் பாய்மரப் படகில் உலகத்தைத் தனியாகச் சுற்றியதற்காகவே அவரை எல்லாருக்கும் தெரியும். 1931இல் அவர் நியூசிலாந்திலிருந்து டாஸ்மன் கடலைத் தாண்டி ஆஸ்திரேலியாவுக்குப் போனார், ஜிப்சி மாத் விமானத்தில். மரச் சட்டமும் துணியுமான இரட்டைச் சிறகு விமானம். தலைக்கு மேல் திறந்தவெளி. ஒரே மூச்சில் கடலைத் தாண்ட அதில் பெட்ரோல் போதாது. நடுவில் இருப்பவை இரண்டு புள்ளிகள்: நார்ஃபோக் தீவு, எட்டு கிலோமீட்டர் நீளம், அப்புறம் லார்ட் ஹௌ தீவு, பரப்பில் அதைவிடச் சிறியது. அன்று இரண்டிலும் விமானத்தளம் இல்லை, ஆகவே சக்கரத்துக்குப் பதில் மிதவைகள். நியூசிலாந்தின் வடமுனையிலிருந்து நார்ஃபோக் ஏறக்குறைய 480 மைல். தவறவிட்டால் அடுத்த கரையைத் தொடப் பெட்ரோல் கிடையாது. வழிகாட்ட ரேடியோ அலை எதுவும் இல்லாத கடல். அவரிடம் இருந்தது கப்பல்காரர்களின் செக்ஸ்டன்ட் ஒன்று. அதை வைத்துச் சூரியன் தொடுவானத்திலிருந்து எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று அளக்கலாம். ஒரே ஒரு அளவு ஒரு புள்ளியைத் தராது, ஒரு கோட்டைத்தான் தரும்: இந்தக் கோட்டின் மேல் எங்கோ இருக்கிறாய், அவ்வளவுதான். தீவைக் குறிவைத்து நேராகப் பறந்து, கோட்டையும் எட்டி, தீவைக் காணவில்லை என்றால், அது இடப்பக்கமா வலப்பக்கமா என்று சொல்ல ஒன்றுமே இருக்காது.

சிசெஸ்டர் செய்தது இது: தீவைக் குறிவைக்கவே இல்லை. தன்னுடைய தப்புகள் எல்லாம் ஒன்றுசேர்ந்தாலும் எட்ட முடியாத அளவுக்கு, வேண்டுமென்றே ஒரு பக்கமாக விலகிப் பறந்தார். தீவின் வழியாகப் போகும் சூரியக் கோட்டை எட்டியதும் திரும்பினால் போதும். எந்தப் பக்கம் என்ற கேள்வியே எழாது, அதை அவர் கீழேயே தீர்த்துவிட்டார். மடியில் தாள் படபடக்க, ஒரு கையால் விமானத்தைப் பிடித்துக்கொண்டு மறுகையால் செக்ஸ்டன்டைக் கண்ணுக்குக் கொண்டுபோகும் மனிதனுக்குக் கூட்டல் கழித்தல்கூடத் தடுமாறும் என்று தெரிந்து, கணக்கில் பெரும்பகுதியைத் தரையிலேயே போட்டுவைத்தார். கண்ணாடி போட்டவர், விமானம் ஓட்டக் கற்று இரண்டு வருடம்கூட ஆகாதவர். கப்பல்காரர்களுக்கு ஓரளவு பழக்கமான தந்திரத்தைத் தனியாளாக விமானத்தில் நிறைவேற்றிக் காட்டியதற்காக, பிரிட்டிஷ் விமானிகள் கில்டின் ஜான்ஸ்டன் நினைவுக் கோப்பை முதன்முதலாக அவருக்குத்தான் கொடுக்கப்பட்டது.

இதைத் தன்னடக்கம் என்று சொல்லிவிட ஆசையாக இருக்கிறது. அங்கேயும் எனக்குத் தயக்கம். தன் தப்பின் எல்லை இவ்வளவுதான் என்று ஒருவர் முன்கூட்டியே தீர்மானிப்பதில் எத்தனை துணிச்சல் இருக்கிறது! அந்த எல்லையைக் கொஞ்சம் குறைத்துப் போட்டிருந்தால் அவர் திரும்பிய பக்கத்தில் வெறும் கடல்தான் இருந்திருக்கும், அதிலும் முழு நம்பிக்கையோடு போய்க்கொண்டிருந்திருப்பார். ஆனால் லிண்ட்பெர்க்கின் திட்டத்துக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தை நான் ஒதுக்கமாட்டேன். லிண்ட்பெர்க், தப்பு வராமல் இருக்க எல்லாம் செய்தார். சிசெஸ்டர், தப்பு வரும் என்று எழுதிக்கொண்டு, அது எந்தப் பக்கம் வரவேண்டும் என்பதை மட்டும் தன் கையில் வைத்துக்கொண்டார். ஆகாயத்தில் இருப்பவனிடம் அவர் கேட்டது ஒன்றுதான்: அந்த இடம் வந்ததும் திரும்பு. அது லேசான காரியம் இல்லை. மணிக்கணக்காக ஒரு திசையில் வந்து, கண்ணில் ஒரு தடயமும் இல்லாத இடத்தில், மிச்சப் பெட்ரோலை எல்லாம் வேறு திசையில் செலவழிக்க வேண்டும். திரும்பிய கணத்தில் தன் உள்ளுணர்வு முழுவதும் அதை எதிர்த்ததை அவரே எழுதியிருக்கிறார். திரும்பினார். நார்ஃபோக் தெரிந்தது.

இந்தக் கதையை அங்கேயே முடித்துவிடுகிறவர்கள் உண்டு. எனக்கு அதற்குப் பிறகு நடந்ததுதான் முக்கியம். லார்ட் ஹௌ தீவையும் அதே தந்திரத்தால் கண்டுபிடித்து, உப்பங்கழியில் விமானத்தைக் கட்டிவிட்டுக் கரையில் படுத்தார். இரவில் காற்று எழும்பி விமானத்தைக் கவிழ்த்துப்போட்டது. ஆள் இல்லாத விமானம், கட்டிய இடத்தில். எந்தத் தாளிலும் இதற்கு வரிசை இல்லை. ஜிப்சி மாத்தைக் கரைக்கு இழுத்து, எஞ்சினைப் பிரித்து உப்பைக் கழுவி, உடைந்த சிறகுச் சட்டங்களை மறுபடி செய்து, துணி போர்த்திப் பறக்கவைக்க இரண்டு மாதத்துக்கு மேல் ஆயிற்று. அந்தச் சின்னத் தீவின் மக்கள் கைகொடுத்தார்கள். விமானம் கட்டிப் பழக்கப்பட்டவர்கள் யாரும் அங்கே கிடையாது. ஜூனில் மிச்சக் கடலையும் தாண்டி ஆஸ்திரேலியக் கரையின் ஜெர்விஸ் வளைகுடாவில் இறங்கினார். டாஸ்மன் கடலைக் கிழக்கிலிருந்து மேற்காகத் தனியாளாகத் தாண்டிய முதல் பயணம் என்று அது பதிவாகியிருக்கிறது.

தன் வாழ்க்கையைப் பற்றி சிசெஸ்டர் எழுதிய ‘த லோன்லி ஸீ அண்ட் த ஸ்கை’ 1964இல் வந்தது. கிடைத்தால், படகுப் பகுதிக்கு அவசரப்படாமல் டாஸ்மன் அத்தியாயங்களை முதலில் படியுங்கள். கோணமும் மணியும் மைலுமாக வரும் பக்கங்களைத் தயவுசெய்து தாண்டிவிடாதீர்கள். அந்த மனிதர் அங்கேதான் இருக்கிறார்.